கல்வெட்டுச் சேனலும் தம்பியின் காதுகுத்தும்

தச்சநல்லூருக்குக் கேபிள் டிவி வந்த புதிதில், அம்மாவின் தம்பியான என் மாமாவும் மாடியில் பெரிய குடை ஆன்டெனாவை நிறுத்தி, வீடு வீடாகக் கம்பி இழுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அவர் சரித்திரத்தில் எம்.ஏ. படித்தவர். படித்த படிப்பு அவரைச் சும்மா இருக்க விடவில்லை. மற்ற கேபிள்காரர்கள் தங்கள் சொந்தச் சேனலில் சினிமாவாகப் போட்டுத் தள்ள, மாமா மட்டும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கல்வெட்டு போட்டார்.

ஆற்றங்கரைக் கோயில் ஒவ்வொன்றுக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரைப் படம் பிடிப்பார். சுவரும் அசையாது, மாமாவின் கையும் அசையாது. டிவி பழுதாகிவிட்டதா என்று கேட்டுப் போன் வரும்.

நடுநடுவே நான் வருவேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாடி அறையில் பூப்போட்ட போர்வையைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து மாமா எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பேன். கோயில் விளக்குக்கு நெய் வேண்டும் என்பதற்காக யாரோ விட்டுப்போன ஆடுகளைக் கல்லில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று வெட்டியிருக்கிறார்களாம். சாவும் கிடையாது, மூப்பும் கிடையாது. அந்த ஆடுகள் இன்னமும் ஆற்றங்கரையில் எங்கேயோ மேய்ந்துகொண்டிருப்பதாகவே நான் நம்பினேன். டிவியில் வருகிறவள் என்பதால் பள்ளிக்கூடத்தில் என் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் அடுத்த தெரு கேபிளில் தினமும் படம் ஓடியது. ஒவ்வொரு வீடாக அங்கே மாறிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அத்தை மாமாவை வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

“ஏய்யா, சோறு திங்கும்போது சுவத்தையா பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுத? எங்க வீட்லயே நாலு சுவர் இருக்குல்லா?”

மாமா சிரித்து வைத்தார். சேனல் போனால் என் முகமும் அல்லவா போய்விடும்! பிள்ளையாருக்கு ரகசியமாக ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சேரன்மகாதேவிக் கோயிலில் என் தம்பிக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமாவோ கேமராவும் கையுமாக வந்து, வடக்குச் சுவர்ப்பக்கம் போனவர் திரும்பவே இல்லை. அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

“ஏய் மாப்ளே, நல்ல நேரம் முடியப் போகுது! கல்லு எங்கனயும் ஓடிராது வே. இங்கன வந்து உக்காரும்!”

மாமா கேமராவை ஸ்டாண்டில் அப்படியே ஓடவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் அதைப் பைய இந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். கேமராவைத் தொடக்கூடாது என்று சொல்ல அன்று யாருக்கும் நேரமில்லை.

ஆசாரி ஊசியை எடுத்ததுதான் தாமதம், தம்பி அழவில்லை, மாமா அழுதார். “ஐயோ, பைய குத்தும் அண்ணாச்சி! பச்சப் புள்ளலா!” என்று வாயைப் பிளந்துகொண்டு, கோயில் அதிரும்படி ஓவென்று அழுதார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு தம்பி, கையிலிருந்த வாழைப்பழத்தைத் தின்பதை நிறுத்திவிட்டு அவரை வேடிக்கை பார்த்தான்.

ஊர் திரும்பும்போதே மணி ஏழை நெருங்கிவிட்டது. அதற்குள் ஏதோ ஒரு வீட்டில் படம் வரவில்லை என்று ஆள் வந்து நின்றது. மாமா ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டார். “ஏட்டி, ஏழு மணிக்கு அந்த கேசட்டப் போட்டுரு. சுவர நல்லா எடுத்திருக்கேன்.”

போட்டேன். பத்து நிமிடம் சுவர் வந்தது. பிறகு மாமா வந்தார். நிறுத்தியிருக்கலாம்தான், நிறுத்தவில்லை. சிரித்துச் சிரித்து நான் தரையில் கிடந்தேன்.

ஏணியில் நின்றிருந்த மாமா, அந்த வீட்டுக்குள்ளிருந்து தன் அழுகைச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே ஒரு குடும்பமே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்ததாம். அவர் மூச்சிரைக்க வந்து மாடியேறியபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. திட்டு வாங்கப்போகிறோம் என்று நினைத்துத்தான் எடுத்தார். எதிர்வீட்டு அத்தையின் குரல் எனக்கே கேட்டது. “ஏய்யா, அதை இன்னொருக்கா போடுதியா? எங்க வீட்டுக்காரவுக பாக்கலயாம்.”

மாமா என்னைப் பார்த்தார். கொட்டு விழும் என்று நான் தலையைப் பொத்திக்கொண்டேன். அவரோ என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். மூன்று தரம் போட்டோம்.

மறுநாளிலிருந்து வாசலில் கேசட்டும் கையுமாக ஆட்கள். கல்யாணம், சடங்கு, வளைகாப்பு எல்லாம் வந்தன. ஏரலில் நடந்த ஒரு நிச்சயதார்த்தம்கூட வந்தது. மாறிப்போன வீடுகள் எல்லாம் திரும்பி வந்தன. அப்புறம் பிறந்தநாள் வாழ்த்து, அப்புறம் விரும்பிய பாடல். கல்வெட்டு அரை மணியாகி, கால் மணியாகி, வாழ்த்துகளுக்கு முன்னால் ஐந்து நிமிடமாகிவிட்டது. எனக்குப் புதுப் பட்டுப்பாவாடை வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

ஒருநாள் மாமா கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு சொன்னார். “ஏட்டி, நாளைல இருந்து கல்வெட்டு கெடையாதுன்னு சொல்லிரு. சிரிச்சுக்கிட்டே சொல்லணும், என்ன?”

ஒரே தடவையில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். போட்டுப் பார்த்தால், டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதுபோல என் முகம் ஆடிக்கொண்டிருந்தது. மாமா எடுத்த எந்தப் படமும் அதற்கு முன் அப்படி ஆடியதில்லை.

“படம் ஏன் மாமா இப்படி ஆடுது?”

“கை வலிக்குது ஏட்டி. வேற ஒண்ணுமில்ல.”

நான் நம்பினேன். மாமா அழுதால் எப்படி அழுவார் என்பதுதான் ஊருக்கே தெரியுமே. அன்று மாடியில் ஒரு சத்தமும் இல்லை.

கீழே ஓடி அம்மாவின் தைலத்தை எடுத்து வந்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சூடு பறக்கத் தேய்த்துவிட்டேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, கையை மட்டும் என்னிடம் நீட்டியிருந்தார்.

“இப்ப சரியாயிட்டா மாமா?” என்று கேட்டேன்.

“இன்னுங் கொஞ்ச நேரம் தேய்யிட்டி” என்றார்.