மான்கொம்பு முளைத்த பாதிக் கட்டை

எங்கள் மலையில் மருந்துக்காக லிங்ஜிக் காளான் வளர்க்காத வீடு இல்லை. சிவப்பு, கறுப்பு, ஊதா என்று வகைகள் இருந்தாலும் ஊர் தலையில் தூக்கி வைத்து ஆடியது மான்கொம்பு லிங்ஜியைத்தான். அது விசிறியாக விரியாமல் கொம்பு கொம்பாகக் கிளைத்து நிற்கும். மானமுள்ள குடும்பத்துக் கொட்டகையில்தான் அது முளைக்கும் என்பார் காளான் வளர்ப்போர் சங்கத் தலைவர் லெய் தாவ்ஷெங். படித்தவர்களும் தலையாட்டினார்கள்.

லான் யின்ஜூ மணவிலக்குப் பெற்றுப் பிறந்த ஊருக்கே திரும்பி வந்தவள். ஓடைக்கரையில் காலியாகக் கிடந்த சங்கக் கொட்டகையைக் கேட்டாள். கிடைக்காவிட்டால் நகரத்துச் செருப்பு ஆலைதான் கதி.

“உன் கட்டையில எப்பவும் விசிறிதானே முளைக்குது? அதுவே உன் லட்சணத்தச் சொல்லுதே!” என்றார் லெய், கூட்டத்தில்.

“நாப்பது நாள் குடுங்க பெரியப்பா. லட்சணத்த மாத்திக் காட்டுறேன்.”

“காளானுக்கு மாப்பிள்ளை பாக்கப் போறா போல!” என்று யாரோ கத்தினார்கள். வேடிக்கை பார்க்கும் ஆசையில் முடிவைத் தள்ளி வைத்தார்கள்.

அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். லெய் வீட்டுக் கொட்டகை பிளாஸ்டிக் தாளால் இறுக மூடியது. அவள் வீட்டுப் பின்னால் இருந்த சின்னக் கொட்டகையிலோ நாலு பக்கமும் ஓட்டை. சங்கம் எல்லாருக்கும் கொடுத்த அதே காளான் விதையை ஏற்கெனவே ஊன்றி வைத்திருந்த ஒரு கருவாலி மரக் கட்டையை எடுத்தாள். முளை தெரிந்ததும் கட்டையின் ஒரு பாதியை மட்டும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டினாள்.

நாற்பதாம் நாள் கட்டையைச் சங்கத்துக்குத் தூக்கி வந்து பையை அவிழ்த்தாள். திறந்த பாதியில் விசிறி. மூடிய பாதியில் மான்கொம்பு.

“ஏதோ மருந்து அடிச்சிருக்கா,” என்றார் லெய்.

“அப்ப கட்டை இங்கயே இருக்கட்டும். கதவுக்கு உங்க பூட்டு, சாவியும் உங்ககிட்ட. ஜன்னல மட்டும் திறந்து வைங்க. தண்ணியையும் நீங்களே தெளிங்க.”

அவரே தெளித்தார். பத்தாம் நாள் கதவைத் திறந்தபோது ஒவ்வொரு கொம்பின் நுனியும் குட்டி விசிறியாக விரியத் தொடங்கியிருந்தது. காற்றோட்டமில்லாத இடத்தில் காளான் விட்ட மூச்சு அங்கேயே தேங்கும். அதனால் காளான் விரிய முடியாமல் கொம்பாக நீளும். அவ்வளவுதான் சங்கதி. காற்று யாருடைய மணவிலக்குப் பத்திரத்தையும் படித்துப் பார்ப்பதில்லை.

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து லெய்யின் மனைவி கேட்டாள்: “இத்தன வருஷமா நம்ம வீட்டு மானத்தக் காப்பாத்துனது ஒரு பிளாஸ்டிக் தாளா?”

சிரிப்பு அடங்குமுன் கொட்டகையை அவளுக்கே கொடுக்கச் சொல்லிக் கைகள் உயர்ந்துவிட்டன. கடைசியாக உயர்ந்தது லெய்யின் கை.

ஓடைக்கரைக் கொட்டகையில் யின்ஜூ இப்போது இரண்டு வடிவத்தையும் வளர்க்கிறாள். மான்கொம்புப் பெட்டியின் மேல் அவள் கையால் எழுதியிருக்கிறாள்: ‘மூடி வளர்த்த அதே காளான்.’