பூண்டு தின்னாத எலிகள்

பட்டம் வாங்கிவிட்டு எலிக்குத் தீனி போடுகிறவனை எந்த ஊர்தான் மதிக்கும்? ஆய்வுக்கூடங்களில் தற்காலிக உதவியாளராகக் காலம் தள்ளும் சக கைதிகளே, உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும்.

நெய் யாருக்கு?

காஞ்சிபுரத்துக் கல்லூரி ஒன்றில் என் வேலை, எலிகளுக்கு நெய்யும் கொலஸ்ட்ரால் தூளும் கலந்த தீனி போட்டு ரத்தத்தில் கொழுப்பை ஏற்றுவது. பிறகு பாதி எலிகளுக்குப் பூண்டும் சேர்த்துக் கொடுத்து, அது இறங்குகிறதா என்று பார்ப்பது. பிள்ளையார்பாளையத்துக் கடையில் நெய் வாங்கும்போது, யாருக்கு என்று கேட்ட கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். பக்கத்தில் நின்ற நெசவாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க வூட்டு எலி தறிப் பாவுல பட்டு நூலக் கடிச்சிக்கினு கெடக்குது. அத்தயும் இட்டுக்கினு போய் நெய்ச்சோறு போடுபா!"

பஸ்ஸில்

தினமும் பூண்டு அரைக்கிற கை எந்தச் சோப்புக்கும் அடங்காது. ஐயம்பேட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று அப்பா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்த என்னிடம் அவர் கேட்டது: "ஏம்பா, ஊறுகா போடுற எடத்துலயா வேல?"

வாசலோடு ஒரு மேதை

ஆய்வை நடத்திய பேராசிரியர் வீட்டில் பூண்டு சேர்ப்பதில்லை. அதில் தவறில்லை. ஆனால் பூண்டின் பெருமையை உலகத்துக்கே சொல்லப்போகிறவர், எலி அறைக்குள் ஒரு நாளும் கால் வைக்கவில்லை. வாசலில் கைக்குட்டையோடு நின்று விசாரித்துவிட்டுப் போவார். உள்ளே வந்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும்: பூண்டுத் தீனியை எலிகள் முகர்ந்துவிட்டு ஒதுக்கின. பெரும்பாலும் கிண்ணத்திலேயே கிடந்தது. எலிகள் மெலிந்தன. பயந்துகொண்டே சொன்னேன்.

"எலிக்கு ருசி பாத்துப் பரிமாறவாய்யா உன்ன வெச்சிருக்கேன்?"

முடிவு

பூண்டு எலிகளுக்குக் கொழுப்பு இறங்கியிருந்தது. பேராசிரியர் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார். கட்டுரையை எழுதித் தரும் பொறுப்பு எனக்கு. என் வேலையை நீட்டிக்கும் கையெழுத்து அவருடையது. எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: இந்த எலிகள் குறைவாகவே தின்றன, ஆகவே கொழுப்பு இறங்கியது பூண்டாலா பட்டினியாலா என்று சொல்ல முடியாது. மற்ற எலிகளுக்கும் அதே அளவுக்குத் தீனியைக் குறைத்துப் பார்க்கலாமே சார் என்று வாயாலும் சொன்னேன்.

அவர் அந்த வரியை அடித்தார். எனக்கு வீட்டு நினைப்பு வந்தது. ஆனாலும், "அந்த வரி இல்லேன்னா கட்டுரையில என் பேர் வேணாம் சார்" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். காகிதங்களை மேசைமேல் வீசினார்.

"கொழுப்பு எலிக்கு இல்லய்யா, உனக்கு! அடுத்த மாசத்துலேருந்து வராதே!"

பூண்டு கொழுப்பைக் குறைக்குமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது; வேலை போனால் குறையாது என்பது மட்டும் என் வரையில் நிரூபணமாகிவிட்டது.