மோட்டார் சத்தம்

என் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்ற மறு வருடமே பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. நாங்கள் சொல்வது எல்லாம் புரியும். பதில் மட்டும் வராது.

செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உறைக்கிணறு இருக்கிறது. பாலாற்று மணல் என்பதால் தண்ணீர் இனிப்பாக இருக்கும். காற்று வரட்டும் என்று, கிணற்றைப் பார்த்த ஜன்னலோரமாக அவருக்குக் கட்டில் போட்டிருந்தோம். நான் கூடத்தில் தறியில் உட்கார்ந்திருப்பேன். அவர் முனகினால் கேட்கும்.

அந்தக் கோடையில், காலையில் நான் மோட்டார் போட்டதும் அவர் இடது கையால் கட்டில் கம்பியை அடிக்கத் தொடங்கினார். முகம் கோணிக்கொள்ளும், கண்ணில் நீர் வரும். மோட்டாரை நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார். இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு என் மகன் சொன்னான்.

"அந்தச் சத்தம் அப்பாவுக்கு ஆவலம்மா. முன் ரூமுக்கு மாத்திடலாம்."

மாற்றினோம். ரோட்டில் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அதற்கெல்லாம் அவர் அசையவே இல்லை. ஆனால் பின்னால் மோட்டார் ஓடினால் மட்டும் கம்பியில் கை விழுந்தது. நோயின் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரும் சில பேருக்கு அப்படி இருக்கும் என்றார்.

இதற்கிடையே வீட்டில் சின்னச் சின்னதாக ஏதேதோ மாறியிருந்தது. முன்பெல்லாம் நான் விளக்கேற்றி முடிப்பதற்குள் மேலே டேங்க் நிரம்பி வழியும். இப்போது தறியில் உட்கார்ந்து வெகுநேரம் ஆகியும் வழியவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருமுன் காற்று இருமியது. குடத்தின் அடியில் மணல் தங்கியது. சோற்றில் லேசாகச் சேற்று வாடை. எல்லாவற்றுக்கும் வெயிலைத்தான் காரணம் சொன்னேன். படுத்திருக்கிற மனிதரைப் பார்ப்பதா, கிணற்றைப் பார்ப்பதா?

ஒரு நாள் காலை ஈரத்துணியால் அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். மார்பில் துணி போன வழியெல்லாம் சிவந்து கோடு விழுந்தது. உதறிப் பார்த்தேன். மணல். அவர் அந்தத் துணியையே பார்த்தார். பிறகு கண்ணை மெல்லப் பின்கட்டுப் பக்கம் திருப்பினார்.

"சத்தம் தாங்கலயா?" என்று கேட்டேன். தலையை லேசாக இல்லை என்று ஆட்டினார்.

"மோட்டார் கெட்டுப்போச்சா?"

ஆமாம் என்றும் காட்டவில்லை, இல்லை என்றும் தலையாட்டவில்லை. யோசிப்பதுபோல் இருந்தது.

"கெணத்துலதான் ஏதோ ஆச்சா?"

கண்களை இறுக மூடித் திறந்தார். மறுபடி மூடித் திறந்தார். ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

அன்றே தூர் வாருகிறவர்களை வரச் சொன்னோம். தண்ணீரை இறைத்துவிட்டு இறங்கிப் பார்த்தார்கள். உள்ளே சிமென்ட் உறை ஒன்று விலகி, அந்தச் சந்து வழியாக மணல் சரிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஊற்று அடைபட்டு, குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வு பாதிவரை சேற்றில் புதைந்து கிடந்தது. மோட்டார் பாதி நேரம் தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. வாளி வாளியாகக் கறுப்புச் சேறு மேலே வந்தது. உறையை நேராக்கி அந்த இடைவெளியை அடைத்தார்கள்.

மகன் அவரைத் தூக்கிவந்து பின்வாசலில் நாற்காலியில் உட்காரவைத்திருந்தான். தண்ணீர் ஊறித் தெளிந்ததும் மோட்டார் போட்டோம். அவர் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். இடது கை மடியில் அசையாமல் கிடந்தது. வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

மகன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

"அப்பா பேசிக்கினுதாம்மா இருந்திருக்காரு," என்றான்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அவரிடம் கேட்டே செய்தேன். ஃபேன் வேகமா, கஞ்சிக்கு உப்புப் போதுமா, ஜன்னலைச் சாத்தட்டுமா. கண்ணை மூடினால் ஆமாம். நெய்துகொண்டே கேட்க முடியாது என்பதால் அடிக்கடி தறியைவிட்டு எழுந்து வந்தேன். சேலை முடியத் தாமதமானது; ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் இவ்வளவு கேட்டதில்லை.

அந்தப் பேச்சும் கொஞ்ச நாள்தான். ஐப்பசி மழையில் கிணற்றுத் தண்ணீர் மேலே வந்திருந்த சமயம் இரண்டாவது தாக்குதல் வந்தது. அப்புறம் கண் திறந்தே இருந்தது. எதைக் கேட்டாலும் மூடவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டார்.

குளிப்பாட்ட உறவுக்காரர்கள் குடங்களில் தண்ணீர் சேந்தி வைத்தார்கள். மழை நாள், நல்ல குளிர். முதல் சொம்பை என் கையில் கொடுத்தார்கள். அவர் தோளில் ஊற்றப் போனவள், "தண்ணி சில்லுனு இருக்குதா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் நாத்தனார் வந்து சொம்பை வாங்கிக்கொண்டு, என்னைப் பிடித்து உட்காரவைத்தாள்.