ஆறு மூங்கில்

என் தங்கை ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் செக்கிங் மேஜையில் நின்றவள். தைத்து வரும் சட்டையை விரித்து, வலது கட்டைவிரலை ஒரு முறை ஓட்டுவாள். கண்ணுக்குத் தப்பிய இழுபட்ட நூலை அந்த விரல் பிடித்துவிடும். சூப்பர்வைசர் அவளை "ஸ்கேனர்" என்றுதான் கூப்பிடுவார். அதே கட்டடத்தில், செக்கிங் முடிந்து வரும் சட்டைகளைத் தேய்க்கும் அயர்ன் பிரிவில் நான் இருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனாலும் சொல்கிறேன், அவளைப் போலத் துணி பார்க்கிற ஆளை எங்கள் கட்டடம் கண்டதில்லை.

போன வருடம் அவள் கழுவிக்கொண்டிருந்த கண்ணாடி டம்ளர் கைக்குள்ளேயே உடைந்தது. அதே வலது கட்டைவிரலின் அடியில் நரம்பு அறுந்துவிட்டது. டாக்டர் சேர்த்துத் தைத்தார். "உணர்ச்சி திரும்பலாம். எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது" என்றார். சூப்பர்வைசர் ஐந்து மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் சரியாகாவிட்டால் அவள் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டப் போக வேண்டும்.

உணர்ச்சி திரும்புவதற்குப் பொத்தான், மணல், கயிறு என்று தினமும் தடவிப் பழகச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். இரண்டே வாரத்தில் அவளுக்கு அலுத்துவிட்டது. "பைத்தியம் மாதிரி மணலைத் தடவிட்டு உக்காந்திருக்கேன்க்கா" என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள்.

அப்போதுதான் மாடி வீட்டுக் கப்பல்காரர் நீண்ட விடுமுறையில் வந்தார். சரக்குக் கப்பலில் சமையல் வேலை. ஏதோ துறைமுகத்தில் வாங்கிய மாஜாங் பெட்டியை வைத்துக்கொண்டு, ஆட நாலு பேர் வேண்டும் என்று அலைந்தார். அவரும் மனைவியும் இருவர், நாங்கள் இருவர்.

சீனர்களின் பழைய ஆட்டம் அது. தீப்பெட்டியைவிடச் சின்னக் காய்கள், மொத்தம் நூற்று முப்பத்தாறு. நான் எண்ணிப் பார்த்தேன். மேலே செதுக்கியிருப்பதை வைத்து வட்டம், கோடு கோடான மூங்கில், எழுத்து என்று மூன்று வகை, ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் ஒன்பது வரை. அதோடு திசைக் காய்கள், சிவப்பு, பச்சை, எதுவுமே செதுக்காத வெறுங்காய். கையில் பதின்மூன்று இருக்கும். ஒன்றை எடுத்து ஒன்றைப் போட வேண்டும். ஒரே காய் மூன்றோ, அடுத்தடுத்த எண் மூன்றோ, இப்படி மூன்று மூன்றாக நாலு கூட்டமும் ஒரு ஜோடியும் சேர்ந்தால் வெற்றி.

"கப்பல்ல சில பேர் காயைத் திருப்பியே பாக்க மாட்டாங்க. கட்டைவிரலால தடவியே இன்னதுன்னு சொல்லிடுவாங்க" என்றார் அவர், பேச்சுவாக்கில். தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து எந்தக் காயை எடுத்தாலும் முதலில் தடவினாள். "வெறுங்காய்" என்பாள். திருப்பினால் ஐந்து வட்டம். "வெறுங்காய்." சிவப்பு.

"ஏம்மா, பெட்டியில வெறுங்காய் மொத்தமே நாலு. உனக்கு மட்டும் நாப்பது வருதே!" என்றார் கப்பல்காரர்.

"என் வீட்டுக்காரர் தலையைத் தடவிப் பாரு. அதான் அசல் வெறுங்காய்" என்றார் அவர் மனைவி.

சிரிப்போம். கீழே வந்த பிறகு தங்கை சிரிக்க மாட்டாள். அவள் சொல்வதை நாட்காட்டியில் தினமும் குறித்து வைத்தேன். ஒன்பது வாரம் அதே ஒரு சொல்தான்.

பத்தாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் கையில் எல்லாம் சேர்ந்துவிட்டது. ஐந்து மூங்கிலுக்கும் ஏழு மூங்கிலுக்கும் நடுவே ஆறு மட்டும் வர வேண்டும். ஒரு காயை எடுத்தாள். விரல் ஓடியது, நின்றது, திரும்பி ஓடியது.

"ஆறு மூங்கில்! முடிஞ்சிருச்சு!" என்று அத்தனை காயையும் படபடவென்று திருப்பிப் போட்டாள். நடுவில் கிடந்தது ஒன்பது மூங்கில்.

"தப்பாட்டம்! இந்த ஆட்டம் முடியிற வரைக்கும் கையைக் கட்டிட்டு உக்காரு" என்றார் கப்பல்காரர்.

"பாவங்க, விடுங்களேன்" என்றார் அவர் மனைவி.

தங்கையின் முகம் சுருங்கிவிட்டது. நான் அந்தக் காயை எடுத்துப் பார்த்தேன். ஆறில் இரண்டு வரிசை, ஒன்பதில் மூன்று. இரண்டிலும் வரிசைக்கு மூன்று கோடுகள்.

"அடியே, ஏன் வெறுங்காய்னு சொல்லல?"

"கோடு இருந்துச்சுக்கா. மூணு மூணா..." அங்கேயே நிறுத்திக் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"எத்தனை வரிசை?"

"ரெண்டுதான் தெரிஞ்சுது."

"மூணாவதும் தெரியும், போடி" என்றேன். காயை அவள் கையிலேயே திரும்ப வைத்தேன்.

கப்பல்காரர் தப்பாட்டத்தை மறந்து எல்லாக் காய்களையும் அவள் முன்னால் கவிழ்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இருபது எடுத்தாள். பதினொன்று தவறு. ஆனால் வெறுங்காய் என்று ஒரே தடவைதான் சொன்னாள், அது வெறுங்காயேதான்.

தவணை முடிந்த அன்று சூப்பர்வைசர் பத்துச் சட்டைகளைக் கொடுத்துப் பழுதை எடுக்கச் சொன்னார். மூன்றில் பழுது. மூன்றையும் எடுத்தாள், நிதானமாக.

"ஸ்கேனர் கொஞ்சம் ஸ்லோவா ஓடுது" என்றார். "பரவாயில்ல, மேஜைக்கு வந்துடு."

மறுநாள் என் மேஜைக்குச் சட்டைகள் தாமதமாகத்தான் வந்தன. "செக்கிங்ல தூங்குறாங்களா?" என்று பக்கத்து மேஜைக்காரி முணுமுணுத்தாள். நான் அயர்ன் பெட்டியின் சூட்டைக் குறைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தேன்.