சூசையண்ணனின் கடைசித் தாள்

சூசையண்ணன் இறந்த செய்தி கப்பலில் வந்தது. இங்கே அந்தமானில் நமக்கு எல்லாமே கப்பலில்தான் வரும்: வெங்காயம், வார இதழ், மாற்றல் உத்தரவு, சாவு. ஓரத்தில் கறுப்பு மை தடவிய அஞ்சலட்டையை எடுத்துக்கொண்டு எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டிலிருந்து படகேறி ரெஜினா டீச்சர் நான் கிளார்க்காக இருக்கும் ஆபீசுக்கே வந்துவிட்டார். சூசையண்ணனின் தங்கை மகன் எழுதியிருந்தான். தூத்துக்குடிப் பக்கத்துச் சொந்த ஊரில், மூன்று நாள் மூச்சிரைப்புக்குப் பிறகு போய்விட்டாராம். அடக்கம் முடிந்து பதினேழு நாள் கழித்து நாங்கள் இருவரும் ஆபீஸ் வராந்தாவில் நின்று அதைப் படித்தோம். டீச்சர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. என் தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும் ஒரு புத்தகம்தான் நினைவுக்கு வந்தது.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போர்ட் பிளேர் துறைமுகத்தில் கொடிமரத்தைப் பார்த்துக்கொள்ளும் சிக்னல்மேன் வேலை அவருக்கு. பாரோமீட்டர் இறங்கினால், காற்று முற்றும் அறிகுறி தெரிந்தால், சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும். கொடி ஏறினால் டிங்கி எனப்படும் சின்னப் படகுகள் கரையை விட்டுப் போகக் கூடாது. இது உத்தியோகம். ஆனால் மின்னி பே பகுதியில் அவருடைய ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸுக்குப் போய் வந்த நமக்கு அவர் புத்தகக்காரர். இரண்டு டிரங்குப் பெட்டி நிறையத் தமிழிலும் இங்கிலீஷிலும் வைத்திருந்தார். எல்லாம் பஞ்சம், கொள்ளைநோய், நிலநடுக்கம், மூழ்கிய கப்பல், எரிந்த நகரம், ராஜாக்களின் சண்டை. கப்பல் சிப்பந்திகளிடம் சொல்லிவைத்துச் சென்னைப் பழைய புத்தகக் கடைகளிலிருந்து வரவழைத்தவை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்ததும், வெயில் இருந்தால், பழைய பாய்மரத் துணியை வாசலில் விரித்துப் பூஞ்சை பிடித்த புத்தகங்களை உலர்த்துவார். அந்த நேரத்துக்குச் சரியாக நாமும் போய்ச் சேர்ந்துவிடுவோம். யாருக்கும் வீட்டுக்குத் தர மாட்டார். அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும், பக்கத்தை மடிக்கக் கூடாது, டீ டம்ளரைப் பக்கத்தில் வைக்கக் கூடாது. கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர் மாதிரி மலர்ந்த முகத்தோடு பஞ்சத்தைப் பற்றி வாசித்துக் காட்டுவார். ஒரு குறை மட்டும் அவருக்கு எப்போதும் உண்டு. "இந்தப் பயலுவ எத்தனை பேரு செத்தாம்னு எழுதுதானுவ. கெட்டது வாரதுக்கு முந்தின நிமிஷம் அவன் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாம்னு ஒருத்தனும் எழுத மாட்டேங்கான். அதுல்லா தெரியணும்" என்பார். அப்போது அது எனக்கு ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது.

இத்தனை நாசத்தைப் படித்தவர் கையில் கொடிக்கயிறு இருந்தால் என்ன ஆகும்? தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் வானத்தில் ஒரு கை அகலம் கறுத்தாலும் கொடி ஏறிவிடும். ஒரு வாரத்தில் நான்கு தடவைகூட ஏறியிருக்கிறது. டிங்கிக்காரர்கள் படகை இழுத்துப் போட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்து அவரை வைவார்கள். அவர்கள் அவருக்கு வைத்த பெயர் தூஃபான் பாபு, புயல் பாபு. "தூஃபான் பாபு நே ஃபிர் ஜண்டா லகா தியா" என்று, அதாவது மறுபடியும் கொடி ஏற்றிவிட்டார் என்று, ஒருவன் சொல்ல மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் இருக்கும்போது, "அண்ணே, ஒங்க கொடியப் பாத்து எவனும் கொடைகூட எடுக்கறதில்ல. நெசமாவே புயல் வந்தா வேற கலர்ல ஒண்ணு ஏத்துங்க, நாங்க தெரிஞ்சுக்கிறோம்" என்றேன். ரெஜினா டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவரும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "சொல்லுததும் சரிதான் வே" என்றார். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். அன்றைக்கு அதில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அதற்கு மூன்றாவது வாரம் என் தம்பி சிவலிங்கம் போனான். பாம்பூஃப்ளாட்டில் ரோடு கான்ட்ராக்டரிடம் மேஸ்திரியாக இருந்தான். மதுரைப் பக்கத்திலிருந்து அவனை வரவழைத்து அந்த வேலையில் சேர்த்துவிட்டவன் நான். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். மறுநாள் விடிந்ததும் வேலையிடத்தில் ஹாஜிரி கொடுத்துப் பேர் பதிய வேண்டும். அன்றைக்கு ஃபெர்ரி எஞ்சின் கெட்டு நின்றுவிட்டது. மாலை நாலு மணி இருக்கும். ஒரு டிங்கி புறப்படத் தயாராக இருந்தது. "அண்ணே, மேக்க கருத்துக் கெடக்கே, காலையில போகட்டா?" என்று கேட்டான். நான் கொடிமரத்தை நிமிர்ந்து பார்த்தேன். கொடி இல்லை. "தூஃபான் பாபுவே ஏத்தல, ஒனக்கென்ன பயம், போடா" என்றேன். சிரித்துக்கொண்டுதான் ஏறினான். அவனுக்குக் கிணற்றில் நீந்தத் தெரியும். படகு நடுக் கால்வாயில் இருக்கும்போது சிவப்புக் கொடி ஏறுவதைக் கரையிலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு மழை இறங்கி எதுவும் தெரியவில்லை. டிங்கிக்காரர் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார். சிவலிங்கம் இரண்டு நாள் கழித்து அலையாத்தி வேர்களுக்கிடையே கிடைத்தான். போகச் சொன்னவன் நான் என்பதை அம்மாவுக்கு எழுதக் கை வரவில்லை. காய்ச்சலில் போய்விட்டான் என்று எழுதினேன். அம்மா கடைசி வரை காய்ச்சல் என்றே நம்பி அழுதுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்துச் சூசையண்ணன் நம் எல்லோருக்கும் ஆள் அனுப்பினார். போனால் இரண்டு டிரங்குப் பெட்டியும் திறந்து கிடந்தது. பக்கத்தை மடித்தாலே முகம் சுளிக்கிறவர் புத்தகங்களைத் தூக்கித் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். கன்னத்தில் நாலு நாள் தாடி. "திருப்பித் தர வேண்டாம். படிச்சிட்டு இன்னொருத்தருக்குக் கொடுத்திரணும். ஆனா கொடுக்கதுக்கு முந்தி கடைசித் தாளுல ஒரு பேரு எழுதணும். புத்தகத்துல உள்ளது மாதிரி போன ஆளு, உங்களுக்குத் தெரிஞ்ச ஆளு. எத்தனை பேருங்கது வேண்டாம். பேரு வேணும். அதுக்கு முந்தின நிமிஷம் என்ன நடந்துதுன்னும் வேணும்" என்றார்.

நடு அந்தமானின் ரங்கத் ஊரிலிருந்து வந்திருந்த ராமையாவுக்கு யுத்தகால அகதிகளைப் பற்றிய புத்தகம் கிடைத்தது. ராமையா சின்ன வயதில் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர், ரங்கத்தில் இப்போது பெட்டிக்கடை வைத்திருக்கிறார். அங்கேயே, நின்ற இடத்திலேயே, பென்சிலை வாங்கி எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். "அஞ்சலை. என் அம்மா. தண்ணீர் எடுத்து வரப் போனேன்." அவ்வளவுதான். "திரும்பி வந்தா ஒக்காந்த மேனிக்கே இருந்தாங்க. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன்" என்று பொதுவாக யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். இருபது வருஷம் பழகிய மனிதர். அவருடைய அம்மா பெயர் அஞ்சலை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ரெஜினா டீச்சருக்குக் காலராவைப் பற்றிய புத்தகம். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் அக்காவின் பெயரை எழுதியதாகப் பிறகு சொன்னார்.

எனக்கு மூழ்கிய கப்பல்களைப் பற்றிய தடித்த புத்தகம். இருப்பதிலேயே அவருக்கு உயிரான புத்தகம் அது. இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். "இது உமக்கு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வீட்டு இழவுக்கும் தன் புத்தகத்தில் இடம் ஒதுக்குகிறாரே என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியின் அடியில் போட்டேன். முதல் தாளைக்கூடப் புரட்டவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் அதோடு நின்றது. உலர்த்த அவரிடம் புத்தகம் இல்லை.

நீங்கள் வாங்கிப் போனவை எங்கெங்கோ சுற்றின. ரங்கத்தில் பஸ்ஸில் ஒருவர் மடியில் சூசையண்ணனின் பஞ்சப் புத்தகத்தைப் பார்த்தேன் என்று ராமையா எழுதியிருந்தார். கடைசித் தாள் நிரம்பி, தாள் ஒட்டித் தைத்து அதிலும் எழுதியிருந்தார்களாம். பெருந்தன்மை, பெருந்தன்மை என்று ஊரெல்லாம் அவரைச் சொன்னார்கள். அவருக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. எழுந்து போய்விடுவார். கொடியை மட்டும் அதற்குப் பிறகு முன்பைவிட அதிகமாக ஏற்றினார். யாரும் சிரிக்கவில்லை.

என்னை அவர் மூன்று தடவை கேட்டார். முதல் தடவை மார்க்கெட்டில், கூட்டத்துக்கு நடுவில்: "கடைசித் தாள் பாத்தீரா வே?" எனக்கு வேலை இருக்கிறது என்று நடந்தேன். அடுத்த வருஷம் என் ஆபீஸ் வாசலில் காத்திருந்து கேட்டார். இன்னும் படிக்கவே ஆரம்பிக்கவில்லை என்றேன். "படிக்காண்டாம். கடைசித் தாள மட்டும் பாத்திருமே" என்றார். கெஞ்சுகிறார் என்று தெரிந்தது. தம்பி பெயரை எழுதச் சொல்லித்தான் கெஞ்சுகிறார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

மூன்றாவது தடவை, ரிட்டையராகி மெயின்லேண்டுக்குப் புறப்பட்ட அன்று. நீங்களும் வழியனுப்ப வந்திருந்தீர்கள். ரெஜினா டீச்சர் முறுக்கு கொண்டுவந்திருந்தார். கப்பல் ஏணியில் ஏறப் போனவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்தார். "பாத்தீரா?" என்றார். நான் கையை உருவிக்கொண்டேன். "எங்க வீட்டுச் சாவ ஒங்க புஸ்தகத்துல எழுத மாட்டேன்ணே. அத்தோட விடுங்க" என்றேன். எல்லோருக்கும் கேட்டது. என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு ஏறிப் போனார். கப்பல் நகர்ந்த பிறகும் மேல்தளத்தில் அவரைத் தேடினேன். அவர் வெளியே வரவே இல்லை.

அஞ்சலட்டை வந்த அன்று மாலை பெட்டியைத் திறந்தேன். செய்தித்தாள் புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. கடைசித் தாளில் பென்சில் எழுத்து. கொடுக்கும்போதே எழுதியிருக்கிறார். அப்படியே தருகிறேன்:

"சிவலிங்கம். கிளார்க்குடைய தம்பி. மூன்றரைக்கே பாரோமீட்டர் இறங்கிவிட்டது. கொடி ஏற்றியது நாலேகாலுக்கு. முக்கால் மணி நேரம் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். நான் செய்த தப்பு. நீர் இதைப் படித்துவிட்டு என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். சூசை."

அதற்குக் கீழே பாதித் தாள் வெறுமையாக விடப்பட்டிருந்தது.

வாயால் சொல்ல முடியாத மனிதர் எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்பது வருஷம் பதிலுக்குக் காத்திருந்தார். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள நின்றவரிடம் நான் எதுவுமே சொல்லவில்லை. அன்றைக்கே படித்திருந்தால் அவரைத் திட்டியிருப்பேனா, கட்டிக்கொண்டு அழுதிருப்பேனா, தெரியாது. இரண்டில் எதுவாக இருந்திருந்தாலும் அவர் கொஞ்சம் நிம்மதியாகப் போயிருப்பார்.

இரவு முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் அந்தப் பாதித் தாளில் நான் எழுதினேன்: "சிவலிங்கம். என் தம்பி. கடலில் போனான், காய்ச்சலில் அல்ல. காலையில் போகிறேன் என்றவனைப் போடா என்று அனுப்பியவன் நான். கொடியைக் கேலி செய்து, ஏற்றுகிறவர் கையைத் தயங்க வைத்தவனும் நான்." பென்சில் முனை இரண்டு தடவை ஒடிந்தது.

புத்தகத்தை ராமையாவுக்கு அனுப்பிவிட்டேன். அடுத்து யாருக்கு என்பதை அவர் பார்த்துக்கொள்வார். இதைப் படிக்கிற உங்களில் யார் கைக்காவது வந்தால் கடைசித் தாளை முதலில் பாருங்கள். அவர் கொடுத்தது எதுவும் இப்போது என்னிடம் இல்லை. அந்த முக்கால் மணி நேரம் மட்டும் இருக்கிறது. அது முழுவதும் தன்னுடையது என்று நினைத்தபடியே சூசையண்ணன் செத்துப்போனார். அதில் என் பங்கை நான் வைத்துக்கொள்கிறேன்.