குங்குமம் படிந்த டேப்

என் தங்கைக்கு அம்மாவைப் பார்த்த நினைவில்லை. அவளுக்கு எட்டு மாதமானபோது அம்மா போய்விட்டார். சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக்கூட முழுசாக அம்மா என்று சொல்ல முடியாது. அடையாள அட்டையிலிருந்து முகத்தை எடுத்து, வேறு யாருடைய பட்டுப்புடவைமேலோ ஒட்டிக் கொடுத்த ஸ்டூடியோ வேலை அது. அம்மா நடமாடுவது ஒரே ஒரு வீடியோ டேப்பில்தான். புக்கிட் செலம்பாவ் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் நடந்த மாமாவின் கல்யாணம். அதில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக, இடுப்பில் தங்கையோடு அம்மா வருவார்.

இந்தத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் தங்கை பாலிங்கிலிருந்து வந்தாள். "ஒரே ஒரு தடவ காட்டுங்கண்ணே, போதும்" என்றாள்.

பார்த்தால், அம்மா எப்படிப் போனார் என்று கேட்பாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவள் வயிற்றில் இருக்கும்போதுதான் அம்மாவுக்கு நோய் தெரிந்தது. குழந்தை பிறக்கட்டும் என்று அம்மா வைத்தியத்தைத் தள்ளிப் போட்டார். அவர் இறந்ததும் தோட்டத்து லயத்து வீடுகளில் சிலர், "தாய முழுங்குன பிள்ள" என்றார்கள். அந்தச் சொல் அவள் காதில் விழக்கூடாது என்றுதான் அப்பா எங்களைக் குருணுக்குக் கூட்டிவந்தார். அம்மா போனது திடீர்க் காய்ச்சலில் என்று அவரும் நானும் ஒரே வாயாகச் சொல்லி அவளை வளர்த்தோம். அப்பா போன பிறகு அந்தப் பொய்யை நான் ஒருவனே காத்துவந்தேன்.

அவள் கேட்டதைத் தட்ட முடியாமல் தேடியதில், பழைய சாமான் கடையில் ஒரு வீடியோ பிளேயர் கிடைத்தது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களைச் சொருகப் புது டிவியில் இடமே இல்லை. நடுவில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து இணைத்தேன். டேப்பைப் போட்டதும் கீச்சென்று ஒரு சத்தம். திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். பிளேயரின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே சுழலும் உருளை சிவந்து கிடந்தது.

குங்குமம்! யாரைக் குறை சொல்ல? வருடா வருடம் தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்குப் படையல் போடும்போது, அம்மா இருப்பது இதில்தானே என்று அப்பா டேப்பையும் படத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சந்தனம், குங்குமம் இடுவார். அவருக்குப் பிறகு நானும் இட்டேன். தொழிற்சாலையில் இருபது வருடம் மெஷின் பார்த்தவன் நான். டேப்பின் ஓட்டை வழியே தூள் உள்ளே இறங்கும் என்று ஒரு நாளாவது தோன்றியதா? என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

"போச்சாண்ணே?" என்றாள் தங்கை.

"சும்மா இரு" என்று எரிந்து விழுந்தேன். அவள் டார்ச் லைட்டைப் பிடித்தாள்.

டேப்பின் திருகாணிகளைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் தூளைத் தட்டினேன். வெள்ளைத் தாளை ஸ்பிரிட்டில் நனைத்து, உருளைமேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையை மட்டும் கையால் சுற்றினேன். மேலும் கீழுமாகத் தேய்த்தால் காரியம் கெட்டது. மூன்று தாள் சிவப்பாக வந்தது. நாலாவது வெள்ளையாகவே வந்தது.

மறுபடி போட்டேன். படம் ஓடியது. ஓரமெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் நெளிந்தது, ஆட்கள் பக்கவாட்டில் இழுபட்டுக் கிடந்தார்கள். பந்தி வரிசைக்குப் பின்னால் அம்மா வந்தார்.

"ஐயோ, அம்மாவும் என்னைய மாதிரி கெமுக் லா!" தன் குண்டுக் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு தங்கை சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். அரைகுறை வேலை எனக்கு ஆகாது. டேப்பைப் பின்னால் ஓட்டினேன். டிவியில் கூர்மையைக் கூட்டினால் படம் தெளியும் என்று எல்லோரும் நினைப்பார்கள். பழைய டேப்பில் அது அழுக்கைத்தான் பெரிதாக்கும். அதைக் குறைத்தேன், கண்ணைப் பறித்த நிறத்தையும் குறைத்தேன். கடைசியாகப் படத்தின் அகலத்தைச் சுருக்கிப் பழைய சதுர வடிவத்துக்குக் கொண்டுவந்தேன்.

இந்த முறை வந்த அம்மாவுக்குக் கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்தெலும்பு துருத்தியிருந்தது. ரவிக்கை தொளதொளத்தது. நான் பதறிப் படத்தை நிறுத்தினேன்.

தங்கை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பவே ஒடம்பு முடியலையாண்ணே?"

அதற்குமேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. நோய் எப்போது தெரிந்தது, அம்மா எதற்காகக் காத்திருந்தார், எல்லாவற்றையும் சொன்னேன். லயத்தில் சொன்ன அந்தச் சொல்லை மட்டும் சொல்லவில்லை. அவளே, "அப்போ என்னாலதான்" என்றாள். இத்தனை வருடம் காத்தது என் கையாலேயே உடைந்தது.

ரிமோட்டை என்னிடமிருந்து வாங்கி, விட்ட இடத்திலிருந்து அவளே ஓடவிட்டாள். அம்மா கால் தள்ளாடித் தூணைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஒரு பெண் குழந்தையை வாங்கக் கை நீட்டினாள். அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டு, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றி இறுக்கிக்கொண்டார். தங்கை என் கையைப் பற்றினாள்.

"பாருங்கண்ணே... அம்மா என்னையக் குடுக்க மாட்டேங்குறாங்க."