கழுத்தில் தொங்கிய டேப்

என் தங்கை ஆல்டரேஷன் கடை ஒன்றில் தையல்காரி. கடையில் அவளுக்கு ஊசி என்று பெயர். உடம்பைப் பார்த்து வைத்ததல்ல, வாயைப் பார்த்து வைத்தது. தம்பியாக வளர்ந்தவளைத் தங்கச்சி என்று கூப்பிட நான் பழகி ஆறு வருடமாகிறது. அம்மா மட்டும் மகன் என்றும் சொல்லாமல், மகள் என்றும் சொல்லாமல் "சின்னது" என்றே சமாளித்து வந்தாள்.

திருநங்கையர் அழகிப் போட்டிக்குத் தங்கை பெயர் கொடுத்தாள். அம்மாவும் வருவதாகச் சொன்னதால்தான் நான் லீவு போட்டு விமானம் ஏறினேன்.

"வர்றேன். ஆனா யாராவது சிரிச்சா எழுந்து போயிடுவேன். தெருவுல சிரிச்சதைக் கேட்டே காது புளிச்சுப் போச்சு" என்றாள் அம்மா.

"சரிம்மா" என்றாள் ஊசி. அவ்வளவுதான். அந்த வாய்க்கு அது ரொம்பக் குறைவு.

அரங்கில் அம்மாவைக் கதவோர நாற்காலியில் உட்கார்த்திவிட்டு மேடைக்குப் பின்னால் போனேன். தங்கை வாயில் குண்டூசிகளோடு மண்டியிட்டு, இன்னொருத்தியின் கவுன் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவ உனக்குப் போட்டிடி!"

குண்டூசிகளைத் துப்பினாள். "அதுக்காக? விளிம்பு தொங்குறதைப் பார்த்துக்கிட்டு எப்படிண்ணே சும்மா இருக்கிறது?"

நான் திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கரும்பச்சை கவுன், நிமிர்ந்த நடை. கழுத்தில் மஞ்சள் இஞ்ச் டேப்.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்னால் வரை பரவியது. அம்மா கைப்பையோடு எழுந்துவிட்டாள்.

"எதுக்குடா சிரிக்கிறாங்க?"

"டேப்பும்மா! கழட்ட மறந்துட்டா!"

அம்மா நின்றபடியே பார்த்தாள்.

நடுவர் மைக்கை எடுத்தார். "கழுத்துல என்னம்மா, புது மாடல் நெக்லஸா?"

தங்கை தொட்டுப் பார்த்தாள்.

"மறந்துட்டேங்க. இது இல்லேன்னா கழுத்தே வெறிச்சுன்னு இருக்கும்." ஒரு மூச்சு விட்டாள். "வந்தது வந்தாச்சு, சொல்லிடறேன். உங்க கோட்டுல வலது தோள் அரை இஞ்ச் ஏறியிருக்கு. கடைக்குக் கொண்டாங்க, சரி பண்ணித் தர்றேன்."

அரங்கமே குலுங்கியது. நடுவர் தன் தோளைத் திரும்பிப் பார்த்தார். அம்மாவும் சிரித்துவிட்டாள். பக்கத்து நாற்காலிப் பெண்மணியிடம், "வீட்டுலயும் இதே கதைதாங்க. அந்த டேப்பு எத்தனை தடவை சாப்பாட்டுத் தட்டுல விழுந்திருக்கு தெரியுமா!" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். என் மணிக்கட்டுக்கு ரத்தம் திரும்பியது. கைப்பை நாற்காலிக்கு அடியில் போனது.

பட்டம் மூன்று பேருக்கு. தங்கை நான்காவது.

"அந்தத் தோளைப் பத்திப் பேசாம இருந்திருக்கலாம் என் பொண்ணு. வாய், வாய்!" என்று வாசல் வரை புலம்பிக்கொண்டே வந்தாள் அம்மா. பாதித் தெருவில் சட்டென்று நின்றாள். "ஐயையோ, என் பை!"

தங்கை என் பக்கம் திரும்பினாள். "மறதி எனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு பார்த்தியாண்ணே?"